ரத்த ரிப்போர்ட் சரி, முழங்கையில் செதில் மட்டும் நிற்கவில்லை

கேள்வி (சுங்கை சிப்புட்):
முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய கை இது. இரண்டு முழங்கையிலும் சொரியாசிஸ். காலையில் பாயை உதறினால் மீன் செதில் மாதிரி கொட்டுகிறது. பக்கத்து லயத்து அக்கா, "ரத்தம் கெட்டுப்போச்சு" என்கிறார். கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் சரியாக இருக்கின்றனவாம். அப்புறம் கோளாறு எங்கே?

பதில் (ஈப்போ, லேப் வேலை):
அண்ணே, அந்தத் தாள் தலையை மட்டும்தான் எண்ணும். யார் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லாது. வெள்ளை அணுக்களில் டி அணுக்கள் என்று ஒரு வகை. அவற்றில் ஒரு கூட்டம், தோலுக்குப் போகும் விலாசத்தை மேலே ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும். தோலில் இறங்கியதும் ஐஎல்-17 என்ற புரதத்தைக் கக்கும். மேல்தோல் அணு மேலே வர வழக்கமாக ஒரு மாதம் ஆகும். அந்தப் புரதம் விரட்டுவதால் இப்போது சில நாளிலேயே வந்து உதிர்கிறது. டி அணுக்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தில் சொரியாசிஸ் தணிவதை 1979-இல் கவனித்தார்கள். சந்தேகம் இந்த அணுக்கள் மேல் விழுந்ததற்கு அது பெரிய காரணம். ரத்தம் 'கெட்டதாக' அர்த்தமில்லை. அக்காவிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்!

கேட்டவர்:
சரி தம்பி. மருந்து பூசினால் மறைகிறது. ஆனால் போன தீபாவளிக்கு வந்த அதே காசளவு இடத்தில் திரும்ப வருகிறதே?

பதில் (ஈப்போ):
அந்த டி அணுக்களில் சில, பழைய தாக்குதலை மறக்காத நினைவு அணுக்கள். அவை ரத்தத்துக்குத் திரும்பாமல் அந்தத் தோலிலேயே குடியிருக்கும். அவைதான்.

பதில் (கோலக் கங்சார்):
சொரியாசிஸ் மூட்டையும் தாக்கலாம். காலையில் விரல் மூட்டு விறைத்து வீங்குகிறதா? இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நான் மரம் வெட்டிய வலி என்று இரண்டு வருஷம் தைலம் தேய்த்தேன்.