ஒரு கையால் மடிகிற ஸ்ட்ரோலர்: எங்கள் அனுபவம் இது, உங்களுடையதையும் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டை, ஒன்றரை வயது மகளின் அம்மா:

வீட்டில் இப்போது இரண்டு ஸ்ட்ரோலர் இருக்கிறது. ஒன்று பரணில், இன்னொன்று செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். பரணில் இருப்பதுதான் விலை கூடியது. குழந்தைக்கு வண்டி வாங்கப்போகிறவர்கள் என்னைப்போல இரண்டு தடவை செலவு செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மகளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது முதலாவதை வாங்கினோம். பெரிய சக்கரம், கைப்பிடியை முன்பக்கமும் பின்பக்கமும் மாற்றிக்கொள்ளலாம், கீழே ஒரு வாரத்துக் காய்கறி கொள்கிற அளவுக்குக் கூடை, முழுக்கச் சாய்த்தால் தொட்டில் மாதிரி ஆகிவிடும். கடைக்காரர் ஒரே விரலால் தள்ளிக் காட்டினார். டைல்ஸ் தரையில் எந்த வண்டியும் ஒரு விரலுக்குப் போகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. எடை 10 கிலோ. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

கணவர் வீட்டில் இருக்கிற நாட்களில் பிரச்சினையே இல்லை, அவர் வண்டியைத் தூக்குவார், நான் குழந்தையைத் தூக்குவேன். தனியாகக் கிளம்பிய அன்றுதான் தெரிந்தது. அம்மா வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். ஒரு நாள் காலையில் நானும் மகளும் மட்டும் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்கிறோம், கடலூர் பஸ் வந்துவிட்டது, வண்டியை மடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் இருக்கிற லாக்கை ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, காலால் கீழே ஒரு கம்பியை மிதித்தால்தான் அது மடியும். இரண்டு கையும் ஒரு காலும் வேண்டும், என்னிடமோ குழந்தை இருக்கிறது, தோளில் டயப்பர் பை இருக்கிறது. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆயா, "கொயந்தைய இப்பிடி குடும்மா" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் குனிந்து மடிக்கிறேன், பெல்ட் ஒன்று சக்கரத்துக்குள் மாட்டிக்கொண்டது, மகள் முகம் தெரியாத மடியில் வீறிட்டு அழுகிறாள், பஸ் கிளம்பிப் போய்விட்டது. அந்த ஆயா கூடையிலிருந்து ஒரு சாமந்திப்பூவை எடுத்து அவள் கையில் கொடுத்ததும்தான் அழுகை நின்றது. அவர் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் ஆறு மாதம் அந்த வண்டி வீட்டை விட்டு இறங்கவேயில்லை.

இரண்டாவது வாங்கும்போது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே நேரு வீதியில் கடை கடையாகப் போனேன். போன இடத்தில் எல்லாம் ஒன்றுதான் கேட்டேன்: குழந்தையைக் கீழே விடாமல், ஒரு கையால் நானே மடித்துப் பார்க்கலாமா? ஒரு கடையில் "நாங்க மடிச்சுக் காட்டறோம் மேடம்" என்றார்கள், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஏனென்றால் பஸ் ஸ்டாண்டில் மடிக்கப்போவது அவர்கள் இல்லை. நான்கு வண்டி பார்த்ததில் ஒன்றுதான் ஒரு கைக்கு மடிந்தது. கைப்பிடி நடுவில் ஒரு பொத்தான், அழுத்தித் திருகிக் கீழே தள்ளினால் அது பாட்டுக்குச் சுருண்டு பெட்டி மாதிரி நிற்கிறது. 6 கிலோ, தோளில் மாட்ட வார் இருக்கிறது. மகள் அப்போது 9 கிலோ. 19 கிலோவோடு மாடி ஏறுவதற்கும் 15 கிலோவோடு ஏறுவதற்கும் வித்தியாசம் முதுகுக்குத் தெரியும்.

குறையும் இருக்கிறது. சக்கரம் சின்னது, எங்கள் தெருவில் பேவர் பிளாக் பெயர்ந்த இடத்தில் முன்சக்கரம் சிக்கிக்கொண்டு வண்டி நட்டுக்கொண்டு நிற்கும், அங்கே முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கித்தான் தாண்ட வேண்டும். கூடையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் துண்டும் வைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தியதும் காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம் பக்கம் தள்ளிக்கொண்டு போனால் வெண்ணெய் மாதிரி போகிறது.

நீங்கள் எது வாங்கினீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.

மஞ்சக்குப்பம், இரண்டரை வயது மகனின் அப்பா:

நாங்கள் வாங்கியது குடை மாதிரி நீளமாக மடிகிறது, நான்கரை கிலோ. மாமனார் வீடு சிதம்பரம், திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறுவோம், அங்கே ரயில் நிற்பது கொஞ்ச நேரம்தான். மடித்து, நீளவாக்கில் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டால் யார் காலிலும் இடிக்காது. ஆட்டோவிலும் சீட்டுக்குப் பின்னால் போய்விடும். அந்த விதத்தில் எனக்கு அது பிடித்திருந்தது.

பிடிக்காதது கைப்பிடி. இரண்டும் தனித்தனி, குடைப்பிடி மாதிரி. ஒரு கையில் போன் வந்தாலோ பையைப் பிடித்தாலோ வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நான் கொஞ்சம் உயரம், குனிந்து தள்ளித் தள்ளி இடுப்பு பிடித்துக்கொண்டது. உயரமானவர்கள் கடையிலேயே பத்தடி தள்ளிப் பார்த்துவிடுங்கள், பின்சக்கரத்தில் கால் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு நாள் சில்வர் பீச்சில் நான் வண்டியை விரிக்கும்போது மகன் தானும் உதவி செய்வதாக ஓடிவந்து பக்கத்துக் கம்பியைப் பிடித்தான், நான் கவனிக்கவில்லை, கீல் மூடுகிற இடத்தில் அவன் ஆள்காட்டி விரல். நகம் கறுத்து, பத்து நாளில் உதிர்ந்து வளர்ந்தது, அதோடு போனது. அப்புறம் தேடிப் படித்தபோது, 2009இல் அமெரிக்காவில் இதே மாதிரிக் கீலில் குழந்தைகளின் விரல் நுனி துண்டான சம்பவங்களுக்குப் பிறகு ஏறக்குறைய பத்து லட்சம் மடிப்பு ஸ்ட்ரோலர்களைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்து, கீல்மேல் மாட்டுகிற உறை கொடுத்தார்கள் என்று தெரிந்தது. வாங்கும்போது கீல் மூடியிருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை இரண்டடி தள்ளி நிற்க வேண்டும், யாராவது ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

குருசுக்குப்பம், இரண்டு பிள்ளைகளின் அம்மா:

எங்கள் தெருவில் ஸ்ட்ரோலர் சரிப்பட்டு வரவில்லை. வாசலுக்கு வாசல் படி, படிக்குப் பக்கத்தில் பைக். பெரியவனுக்கு வாங்கியதைச் சின்னவளுக்கு எடுக்கவேயில்லை, துணி கேரியரில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மீனே வாங்கி வந்திருக்கிறேன். தினமும் எங்கே போவீர்கள் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

லாஸ்பேட்டை, பேத்திக்குத் தாத்தா:

நான் முப்பது வருடம் பட்டறையில் வேலை செய்தவன், அதனால் இரும்பு பற்றி மட்டும் சொல்கிறேன். நம் ஊரில் ஸ்ட்ரோலரைக் கெடுப்பது உப்புக்காற்று. அலுமினியக் குழாய்க்கு அவ்வளவாக ஒன்றும் ஆகாது. ஆனால் அதைப் பிணைக்கிற ரிவெட், அச்சு, ஸ்பிரிங் எல்லாம் பெரும்பாலும் எஃகு, துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். பேத்தி வண்டியின் பின்பிரேக் ஒரு நாள் இறங்கவே இல்லை, கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங் முழுக்கத் துரு, நடுவில் கடற்கரை மணல். கடற்கரைக்குப் போய்வந்தால் சக்கரத்தையும் பிரேக்கையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நிழலில் காயவைத்துவிட்டு மடியுங்கள். ஈரத்தோடு மடித்து உறைக்குள் போட்டால் துருவும் பிடிக்கும், துணியில் பூஞ்சையும் வரும். சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மணல் ஒட்டிப் பசையாகிவிடும். சிலிக்கான் ஸ்பிரே ஒரு தடவை அடித்தால் போதும்.

மஞ்சக்குப்பம் தம்பி சொன்ன குடை மாதிரி மடிகிற வண்டியைக் கண்டுபிடித்தவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரக் கால்களை வடிவமைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. விமானத்தில் வந்த மகள் கனமான குழந்தை வண்டியோடு திண்டாடியதைக் கேட்டுவிட்டு, 1965இல் அலுமினியக் குழாயை வைத்து 3 கிலோவுக்கும் குறைவாக ஒன்றைச் செய்தார். விமானத்தின் கால் மடங்குகிற கணக்கு தெரிந்த கை. அதை நினைக்கும்போது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கும், பேத்தி வண்டியை மடிக்கிறபோதெல்லாம் நினைப்பேன்.

ரெயின்போ நகர், ஒரு வயது மகனின் அம்மா:

விமானப் பயணம் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான். கணவருக்குப் பெங்களூரில் வேலை, மாதம் ஒரு தடவை போய்வருவோம். "கேபின் சைஸ்" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்கினேன். கைப்பைக்கு நாங்கள் போகிற விமான நிறுவனம் வைத்திருக்கிற அளவு 55, 35, 25 சென்டிமீட்டர், எடை 7 கிலோ. என் வண்டி மடித்தால் 54க்கு 45. உயரம் சரி, அகலம் சரியில்லை. இந்த வகையில் பேர்போன பேபிசென் யோயோகூட 52, 44, 18 என்கிறார்கள். அதாவது சில விமானங்களில் விடுவார்கள், சிலவற்றில் விடமாட்டார்கள், அன்றைக்கு இருக்கிற ஊழியரைப் பொறுத்தது. அதுவும் நம் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து போவது சின்ன ஏடிஆர் விமானம், மேலே பை வைக்கிற இடமே குறுகல்.

ஆனால் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. குழந்தையை உட்காரவைத்து விமானத்து வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகலாம், அங்கே மடித்துக் கொடுத்தால் அடையாளச் சீட்டு கட்டி, விமானத்தில் பெட்டிகள் வைக்கிற இடத்தில் ஏற்றிவிடுவார்கள். எனக்கு இதுவரை பணம் கேட்டதில்லை. இறங்கும்போது வாசலில் கிடைக்குமா, பெட்டிகள் வருகிற பெல்ட்டில் வருமா என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை பெல்ட்டில் வந்தது, கைப்பிடி ஸ்பாஞ்ச் கிழிந்திருந்தது. அதிலிருந்து உறை போட்டுத்தான் கொடுக்கிறேன். ஏற்கெனவே வீட்டில் நல்ல மடிப்பு வண்டி இருந்தால் விமானத்துக்காக இன்னொன்று வாங்காதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர், இரண்டு மாதக் குழந்தையின் அம்மா:

அக்கா, எனக்கு இப்போதுதான் இரண்டு மாதம். ஒரு கையில் மடிகிறது என்று நீங்கள் சொன்னது மாதிரி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், ஐந்தரை கிலோ. இப்பவே வாங்கலாமா? தடுப்பூசிக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, வெயிலும் அதிகம்.

முத்தியால்பேட்டை, ஒன்றரை வயது மகளின் அம்மா:

இப்போது வேண்டாம்மா. இந்த மாதிரி லேசான வண்டியில் பலவற்றில் முதுகு பாதிதான் சாயும். கழுத்து நிற்காத குழந்தையை அதில் வைத்தால் தலை முன்னால் தொங்கும், மூச்சுக்கு நல்லதில்லை. முழுக்கப் படுக்கிற வண்டி என்றால் வேறு, இல்லையென்றால் ஆறு மாதம் போல, தானாகத் தலையை நிறுத்துகிறபோது வாங்கு. அதுவரைக்கும் தடுப்பூசிக்கு அம்மா மடிதான், கூட யாரையாவது அழைத்துக்கொண்டு போ.

வெயில் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், வெயில் படுகிறதே என்று வண்டி மேல் துண்டையோ துப்பட்டாவையோ போட்டு மூடிவிடாதே. நான் மூடியிருக்கிறேன், ஐந்து நிமிடம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் மகள் முகம் சிவந்து, கழுத்தடி நனைந்து கிடந்தது. உள்ளே காற்று ஓடாமல் புழுங்கிவிடும். முதுகுப்பக்கம் வலைத்துணி இருக்கிற வண்டியாகப் பார், மேல்மூடி முழங்கால் வரைக்கும் இறங்குகிறதா பார். கத்திரி வெயிலில் காலை ஒன்பதுக்குள்ளேயோ சாயங்காலமோ மட்டும் வெளியே போ.

பெல்ட் ஐந்து முனையாக இருக்கட்டும், இரண்டு தோள், இரண்டு இடுப்பு, நடுவில் ஒன்று. இடுப்புக்கு மட்டும் பெல்ட் இருந்தால் நழுவிக் கீழே வந்துவிடுவார்கள். சட்டத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இஎன் 1888 என்று இருந்தால் அது ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம், அதையும் பார்த்துக்கொள். கைப்பிடியில் கனமான பையை மாட்டாதே, லேசான வண்டி அப்படியே மல்லாந்துவிடும். நீ குழந்தையைத் தூக்குகிற அந்த ஒரு நொடியில்தான் அது நடக்கும்.

திருப்பாதிரிப்புலியூர், இரண்டு மாதக் குழந்தையின் அம்மா:

சரிக்கா, நான்கு மாதம் பொறுக்கிறேன். உங்கள் வண்டியை ஒரு தடவை நேரில் மடித்துப் பார்க்க முடியுமா? நான் உயரம் கம்மி.

முத்தியால்பேட்டை, ஒன்றரை வயது மகளின் அம்மா:

தாராளமாக. நான் அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குத்தான் வருகிறேன், வண்டியையும் கொண்டு வருகிறேன். பாடலீஸ்வரர் கோயில் வாசலில் சாயங்காலம் வா, உன் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மடித்துப் பார். முடியவில்லை என்றால் அந்த மாடலை வாங்காதே.