ரெண்டாவது வருஷ சர்வீஸ், எஸ்டிமேட் 15,000 ரூபாய். ஷோரூமை நம்பி விடலாமா, வெளியே பார்க்கலாமா?

ஈரோட்டுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டி சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். வாங்கி ரெண்டு வருஷம் ஆகப்போகுது, 19,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. வாரண்டி மூணு வருஷம். அடுத்த வாரம் சர்வீஸுக்கு விடணும். கம்பெனி பேரு, ஷோரூம் பேரெல்லாம் வேண்டாமுங்க, எந்த ஊர்ல கேட்டாலும் இதே பாட்டுதான் பாடுறாங்க.

போன்ல புக் பண்ண அரை மணி நேரத்துல வாட்ஸ்அப்ல எஸ்டிமேட் வந்துருச்சு. வரியெல்லாம் சேர்த்து இப்படி:

இன்ஜின் ஆயில் 3.7 லிட்டர் 2,294, ஆயில் ஃபில்டர் 180, டிரைன் வாஷர் 30, ஏர் ஃபில்டர் 450, ஏசி ஃபில்டர் 550, பிரேக் ஆயில் 350, லேபர் 1,900, அலைன்மென்ட் பேலன்சிங் 1,000, இன்ஜின் ஃப்ளஷ் 650, த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குக் காத்து போற வழி) கிளீனிங் 900, ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன் 1,100, பெட்ரோல்ல ஊத்துற அடிட்டிவ் 400, இன்டீரியர் கிளீனிங் 1,400, அண்டர்பாடி கோட்டிங் (வண்டிக்கு அடியில துரு பிடிக்காம அடிக்கிற பூச்சு) 3,800.

மொத்தம் 15,000-த்தைத் தாண்டுது. போன வருஷ பில்லை எடுத்துப் பார்த்தா அதுலயும் ஆயில் 3.7 லிட்டர்தான். வண்டியோட வந்த புக்ல ஃபில்டரோட சேர்த்தே 3.3 லிட்டர்னு போட்டிருக்கு. அப்ப மீதி 0.4 எங்க போச்சு? அதிகமா ஊத்திட்டாங்களா, இல்ல பில்லுல மட்டும் ஊத்தினாங்களா?

அண்டர்பாடி கோட்டிங் வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன். பிரேக் நல்லாத்தான் பிடிக்குது, அதனால பிரேக் ஆயிலும் வேண்டாம். இன்ஜின் ஃப்ளஷ் மட்டும் பண்ணிக்கலாம், உள்ள சுத்தமாகுமில்ல? பேசாம நம்ம தெரு மெக்கானிக்கிட்டயே விட்டுறலாமான்னும் ஒரு யோசனை. என்ன பண்றதுங்க?

வேகத்தடை:
ஷோரூம்காரன் எல்லாம் பகல் கொள்ளை. நல்ல ஆயில் ஒரு கேன், ஒரு ஃபில்டர், மெக்கானிக் கூலி, மூவாயிரத்துல முடிஞ்சது. இதுக்குப் போய் யோசிச்சுக்கிட்டு.

ஸ்பானர்மணி (திண்டுக்கல்):
நான் வெளி மெக்கானிக்தான், சொந்தமா பட்டறை வச்சிருக்கேன். அப்படியிருந்தும் சொல்றேன், வாரண்டி முடியுற வரைக்கும் ஷோரூம்லயே விடுங்க தம்பி. நாளைக்கே ஏசி கம்ப்ரஸரோ ஸ்டியரிங் மோட்டாரோ போச்சுன்னா முப்பதாயிரம் நாப்பதாயிரம் செலவு. அதை அவங்க தலையில கட்டணும்னா சர்வீஸ் ஹிஸ்டரியில ஒரு ஓட்டை இருக்கக் கூடாது. கிலோமீட்டரை மட்டும் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துதோ அதுதான் கணக்கு. வண்டி ஓடவே இல்லையேன்னு பதினஞ்சு மாசம் கழிச்சுக் கொண்டு போய், வாரண்டி கேக்கும்போது மாட்டிக்கிட்டவங்களைப் பார்த்திருக்கேன்.

இப்ப நீங்க வேண்டாம்னு சொன்னதும் வேணும்னு சொன்னதும் நேர் தலைகீழா இருக்கு. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், அதோட குணமே அது. ஈரம் சேரச் சேர அதோட கொதிநிலை இறங்கும். ஈரோட்டு டவுன்ல ஓட்டுற வரைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. பர்கூர் மலையோ திம்பமோ ஏறிட்டு இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவீங்க பாருங்க, அப்ப காலிப்பர் (சக்கரத்துல பிரேக்கைப் பிடிக்கிற பாகம்) சூட்டுல உள்ள ஆவி கட்டும். ஆவியை அமுக்க முடியும், அதனால பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. பெரும்பாலான வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும்னு புக்லயே இருக்கும். 350 ரூபாய்ல கணக்குப் பார்க்குற இடம் அது இல்ல.

ஃப்ளஷ் வேண்டவே வேண்டாம். 10,000-க்கு ஒருதடவை ஒழுங்கா ஆயில் மாத்துற ரெண்டு வருஷ வண்டியில கழுவி எடுக்குற அளவுக்கு உள்ள என்ன இருக்கு? ஃப்ளஷ் ஊத்தி வடிச்சாலும் கொஞ்சம் உள்ளயே தங்கி புது ஆயிலோட கலக்கும். த்ராட்டில் பாடியும் அப்படித்தான். ஐடில் ஏறி இறங்குது, சிக்னல்ல நிக்கும்போது ஆஃப் ஆகுதுன்னா கிளீன் பண்ணலாம். நல்லா ஓடுற வண்டியில எதுக்குக் கை வைக்கணும்?

ஆயில் கணக்கைப் போன வருஷத்துக்கு இப்ப கண்டுபிடிக்க முடியாது, 9,000 ஓடிட்டீங்க. இந்தத் தடவை டெலிவரி எடுக்குற இடத்துலயே பாருங்க. சமதளத்துல நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் விடணும், ஆயில் கீழ சம்ப்புக்கு இறங்கணும்ல. டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்குற குச்சி) உருவி துடைச்சு, முழுசா உள்ள விட்டு, மறுபடி உருவிப் பாருங்க. மேல் கோட்டுக்குள்ள இருந்தா சரி. கோட்டைத் தாண்டி விரல் கனத்துக்கு நின்னா அதிகமா ஊத்தியிருக்காங்க, வடிக்கச் சொல்லுங்க. ரொம்ப அதிகமானா கிராங்க் (இன்ஜினுக்குள்ள சுத்துற தண்டு) அதுல அடிச்சு நுரை கட்டும், நுரைச்ச ஆயில் பம்ப்புல சரியா ஏறாது. பில்லுல 3.7, ஆனா ஆயில் கரெக்டா கோட்டுல நிக்குதுன்னா மீதியை நீங்க காசு கொடுத்து வாங்கி அங்கேயே விட்டுட்டு வர்றீங்க.

முன்னாள்_அட்வைசர்:
ஒரு ஒர்க்‌ஷாப்ல சர்வீஸ் அட்வைசரா இருந்துட்டு வெளிய வந்தவன். 3.7-க்குப் பின்னாடி பெரும்பாலும் சதியெல்லாம் இருக்காது. சிஸ்டத்துல மாடலைத் தட்டினா ஒரு பேக்கேஜ் தானா வந்து விழும், அதுல பழைய இன்ஜினோட அளவு உக்காந்திருக்கும், யாரும் திருத்த மாட்டாங்க. திருத்துனா கஸ்டமருக்குத்தானே லாபம்!

அண்டர்பாடி, ஃப்ளஷ், டிஸ்இன்ஃபெக்‌ஷன் எல்லாம் வாஸ் ஐட்டம், அதாவது ஷெட்யூல்ல இல்லாம கூடுதலா விக்கிற சர்வீஸ். ஒவ்வொரு அட்வைசருக்கும் மாசம் இவ்வளவு வாஸ் ஓட்டணும்னு டார்கெட் இருக்கும். காலையில மீட்டிங்ல கேக்குற முதல் கேள்வியே அதுதான். வண்டி நல்லா ஆச்சா, கஸ்டமர் சந்தோஷமாப் போனாரான்னு அப்புறம்தான் வரும். அதனால அட்வைசர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, அவனும் சம்பளக்காரன். "சார், புக்ல இருக்குற ஷெட்யூல் மட்டும் பண்ணுங்க, வேற எது பண்றதா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணிட்டுப் பண்ணுங்க"ன்னு சொல்லி, அந்த வரியை ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க. இப்ப டேப்லெட்ல கையெழுத்து வாங்குறாங்க, ரிமார்க்ஸ்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டைப் பண்ணச் சொல்லுங்க. எழுதினதுக்கு அப்புறம் பில்லுல ஏறினா காசு கொடுக்க வேண்டியதில்ல, மேனேஜரும் பேச மாட்டார்.

சனிக்கிழமை மட்டும் போகாதீங்க. அன்னைக்கு வர்ற கூட்டத்துல எங்க முகமே எங்களுக்கு மறந்துரும். செவ்வாய், புதன் காலையில முதல் ஆளாப் போனா வேலை செய்யுற பையன்கிட்டயே நின்னு பேசலாம்.

இன்னொண்ணு. சர்வீஸ் முடிஞ்சு ரெண்டு மூணு நாள்ல கம்பெனியிலேருந்து ஃபீட்பேக் போன் வரும். "சார், பத்துக்குப் பத்து கொடுத்துருங்க, ஒன்பது கொடுத்தாலும் எங்களுக்கு அடிதான்"னு கெஞ்சுவாங்க, அது நிஜம். குறை ஏதாவது இருந்தா அந்தப் போன் வர்றதுக்கு முன்னாடி சொல்லுங்க. நடக்கிற வேகமே வேற.

கயல்_தாம்பரம்:
பழைய பார்ட்ஸைத் திருப்பிக் கேளுங்க என்பார்கள். கேட்டேன், கொடுத்தார்கள். ஆனால் அது என் வண்டியிலிருந்து கழற்றியதுதானா என்று எப்படித் தெரியும்? ஒர்க்‌ஷாப்பில் ஓரமாக ஒரு கூடை நிறைய அழுக்கு ஃபில்டர் கிடக்கிறதே. அதனால் சர்வீஸுக்கு விடும் முன்னாடி நாள் இரவு ஏர் ஃபில்டர் டப்பாவின் கிளிப்பைத் திறந்து, ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் வெள்ளை மார்க்கரால் சின்னதாக ஒரு கோடு போட்டு வைத்தேன். மாலையில் வண்டியை எடுத்ததும் பார்க்கிங்கிலேயே கிளிப்பைத் திறந்தால், என் கோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. பில்லில் புது ஃபில்டருக்குக் காசு போட்டிருக்கிறார்கள், கையில் யாரோ ஒருவர் வண்டியின் பழைய ஃபில்டரைக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்!

கத்தவில்லை. ஃப்ளோர் மேனேஜரைக் கூப்பிட்டு பானெட்டைக் காட்டினேன். "பையன் புதுசு மேடம், மறந்துட்டான்" என்றார். புது ஃபில்டர் வந்தது, அந்த லேபரையும் கழித்தார்கள். இதற்குப் பிறகும் அங்கேதான் விடுகிறேன், வாரண்டிக்காக. கோடு போடுவதையும் விடவில்லை.

ஏசி ஃபில்டரை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான சின்ன வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டியை இறக்கினால் பின்னால் இருக்கும். அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

வக்கீல்தம்பி:
வெளியே விட்டாலே வாரண்டி போயிருமாங்கிற கேள்விக்கு. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. ஒரிஜினல் உதிரிபாகத்தையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமத் தடுத்ததுதான் வழக்கு. வெளி மெக்கானிக்கிட்ட போனதாலேயே மொத்த வாரண்டியும் ரத்துன்னு பொதுவா ஒரு நிபந்தனை வைக்கக் கூடாதுன்னும் அந்த உத்தரவுல இருந்தது. அப்புறம் மேல்முறையீடு, கோர்ட்டுன்னு இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. அதை நம்பி கவுன்டர்ல நின்னு வாதாடினா ஜெயிக்க மாட்டீங்க. உங்க வாரண்டி புத்தகத்துல என்ன எழுதியிருக்கோ அதை வச்சுத்தான் அங்க பேசுவாங்க. மணி அண்ணன் சொன்னது நடைமுறைக்குச் சரி.

செய்யாத வேலைக்கு பில் போட்டா அது வேற விஷயம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல சேவைக் குறைபாட்டுலயே வந்துரும். பில் தர மறுக்கிறதும் அந்தச் சட்டத்துல முறையற்ற வணிகம். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் புகார் பதியுங்க. பல இடத்துல அந்தப் புகார் எண்ணைச் சொன்னாலே வேலை நடக்கும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், நீங்க கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது.

பில்லுல வரியையும் பாருங்க. வண்டி உதிரிபாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது 2025 செப்டம்பர் 22-லேருந்து 18 ஆயிருச்சு. லேபருக்கும் 18-தான்.

நாகைக்கடல்:
அண்டர்பாடி கோட்டிங்கை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். கடற்கரையில உப்புக் காத்துல வண்டி நிக்குற எங்களுக்கு அதுல அர்த்தம் இருக்கு, நான் வண்டி புதுசுலயே அடிச்சுட்டேன். ஈரோட்டுக்குத் தேவையில்லதான்.

ஸ்பானர்மணி (திண்டுக்கல்):
நாகை அண்ணன் சொன்னது சரி. ஏர் ஃபில்டர்லயும் ஒரு விஷயம் இருக்கு. சில வண்டிக்கு புக்ல 40,000-க்குத்தான் மாத்தணும்னு இருக்கும், அதுக்குள்ள கேட்டா ஏமாத்துறாங்கன்னு தோணும். ஆனா அதே புக்ல பின்னாடி, தூசி ரோடு, அடிக்கடி குட்டி குட்டி ஓட்டம், இதுக்கெல்லாம்னு தனி அட்டவணை ஒண்ணு இருக்கும், அதை யாரும் படிக்கிறதில்ல. ஈரோட்டுக்காரர் தம்பி, கிரஷர், செங்கல் சூளைப் பக்கம் தினமும் போவீங்களா?

ஈரோட்டுக்காரன்:
தினமும் கிரஷர் வழிதானுங்க. ஃபில்டரை வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன், ஒரு பக்கம் வெளிச்சமே தெரியல. அதை மாத்திக்கிறேன்.

ஈரோட்டுக்காரன் (சர்வீஸ் முடிஞ்சு):
புதன்கிழமை காலையில போனேனுங்க. புக்கோட அந்தப் பக்கத்தைப் போன்ல எடுத்து வச்சிருந்தேன். அட்வைசர் பொண்ணு ஒண்ணு, நல்ல மாதிரி. ஃப்ளஷ் பண்ணலன்னா மைலேஜ் குறையும்னு ஆரம்பிச்சாங்க. "புக்ல எந்தப் பக்கத்துல இருக்குங்க, காட்டுங்க"ன்னேன். சிரிச்சுட்டு எடுத்துட்டாங்க. இன்டீரியர், அடிட்டிவ், த்ராட்டில் பாடி, ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன், கோட்டிங் எல்லாம் வரிசையா எடுபட்டுச்சு. 3.7-ஐக் கேட்டதுக்கு "சிஸ்டத்துல அப்படித்தான் வருது சார்"னாங்க, முன்னாள் அட்வைசர் சொன்னது அப்படியே. மேனேஜரைக் கூப்பிட்டு 3.3 ஆக்கினாங்க.

பிரேக் ஆயில் மாத்தும்போது நின்னு பார்த்தேன். பழசு டீ டிகாஷன் கலர்ல வந்துச்சு. பிரேக் பேட் முன்னாடி 7 மில்லிமீட்டர் இருக்குன்னு அளந்து காட்டுனாங்க. கயல் அக்கா சொன்ன மாதிரி ஃபில்டர்ல கோடு போட்டு வச்சிருந்தேன், கோடு போட்ட ஃபில்டரே கவர்ல வந்துச்சு. ஏசி ஃபில்டரை வெளியே வாங்கி நானே மாத்திக்கிட்டேன். பில் ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி.

டிப்ஸ்டிக் மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழ நிக்குது. இது போதுமுங்களா, இல்ல கோடு வரைக்கும் ஊத்தச் சொல்லணுமா?

ஸ்பானர்மணி (திண்டுக்கல்):
போதும் தம்பி, ஊத்தாதீங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எங்க நின்னாலும் சரிதான். மாசம் ஒருதடவை பார்த்து வைங்க. ஒரே மாசத்துல சட்டுனு இறங்கினா மட்டும் சொல்லுங்க.

வேகத்தடை:
டீசல் வண்டிக்கும் இதே கதைதானா? எனக்கு 60,000 சர்வீஸ் வருது.

ஸ்பானர்மணி (திண்டுக்கல்):
டீசலுக்கு ஃபியூயல் ஃபில்டர், டிபிஎஃப் (புகையில வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) எல்லாம் தனிக் கணக்கு. எஸ்டிமேட்டை வாங்கிட்டுத் தனி இழையாப் போடுங்க, பார்ப்போம். மூவாயிரத்துல முடியாது, அதை மட்டும் இப்பவே சொல்லிடறேன்.