ஜாமீன் ஆர்டருக்கும் ஜெயில் கேட்டுக்கும் நடுவில் ஏழு நாள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தம்பியின் அக்கா:

போன வருடம் ஆடி மாதம், எங்கள் ஊர்க் கோவில் கொடையில் நடந்த அடிதடியில் என் தம்பியை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதுவரை எங்கள் வீட்டில் யாரும் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. அதன் பிறகு ஒரு மாதம் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். நாளைக்கு உங்களில் யாருக்காவது இது தேவைப்படலாம். தேவைப்படவே கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி பிடித்தார்கள். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. அதனால் மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் உடம்பைப் பரிசோதித்துவிட்டு, சாயங்காலம் நடுவரின் வீட்டுக்கே கொண்டுபோனார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ரிமாண்ட் ஆகிவிட்டது, அதாவது ஜெயிலில் வைக்க உத்தரவாகிவிட்டது. வேனில் ஏறும்போது தம்பி சொன்னான்: "போலீஸ் அடிச்சாங்களான்னு கேட்டாங்கக்கா. இல்லைன்னு சொல்லிட்டேன்." அடித்திருந்தார்கள். அடித்தவர் பக்கத்திலேயே நிற்கும்போது பத்தொன்பது வயதுப் பையன் வேறு என்ன சொல்வான்?

எஃப்.ஐ.ஆரில் வழக்கமான பிரிவுகளோடு 109 என்று ஒன்றும் இருந்தது. பழைய தண்டனைச் சட்டத்தின் 307, அதாவது கொலை முயற்சி. அந்த ஒரு எண்ணால் வழக்கே வேறாகிவிட்டது. நடுவர் கோர்ட்டில் போட்ட ஜாமீன் மனு தள்ளுபடியானது, செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனோம். அங்கே முதலில் கேட்ட கேள்வி, அடிபட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா என்பதுதான். ஆகிவிட்டார். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய போலீஸ் அன்று சி.டி. ஃபைலோடு (வழக்கு நாட்குறிப்பு) வரவில்லை. வாய்தா. அடுத்த முறையும் வாய்தா. 24ஆம் நாள் ஜாமீன் கிடைத்தது.

அம்மா அன்றைக்கே கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டார். தம்பி வந்து சேர்ந்தது அதற்கு ஏழு நாள் கழித்து.

ஆர்டரில் தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஷூரிட்டி (பிணை நிற்பவர்), அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று இருந்தது. அதை ரிமாண்ட் செய்த நடுவர் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். பத்தாயிரத்தைக் கட்ட வேண்டும் போல என்று நகையைக்கூட அடகு வைத்துவிட்டோம். பணம் கட்டத் தேவையில்லை, அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்க வசதியுள்ள ஆள் வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. ஆர்டர் நகல் கைக்கு வரவே இரண்டு நாள். சித்தப்பாவின் வீட்டு வரி ரசீது செத்துப்போன தாத்தா பெயரில் இருந்தது, திருப்பி அனுப்பினார்கள். வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கப் போனால் அவர் வேறு வேலையில் இருந்தார். இரண்டாவது ஷூரிட்டிக்குக் கேட்ட ஆறு பேரும் நல்ல மனிதர்கள்தான், கோர்ட் என்றதும் பயந்தார்கள். கடைசியில் நான் வேலை பார்க்கும் தையல் கடை அக்கா வந்து கையெழுத்துப் போட்டார். அவருக்குச் சாகும்வரை கடமைப்பட்டிருக்கிறேன். போட்டோ ஒட்டி, இடது பெருவிரல் ரேகை வைத்து, ஆதார் நகல் கொடுத்து ரிலீஸ் ஆர்டர் வாங்கும்போது மணி ஐந்தரை. அது ஜெயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அறைகளைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் காலைதான் வெளியே வந்தான்.

அந்த 31 நாளில் மனு பார்க்கப் போனது தனிக் கதை. ஜெயிலில் சொந்தக்காரரைச் சந்திப்பதை 'மனு' என்றுதான் அங்கே சொல்கிறார்கள். காலையிலேயே வரிசையில் நின்று, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இண்டர்காமைக் காதில் வைத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த, அவன் என்ன சொல்கிறான் என்று உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். நாலு தடவை போனதில் மூன்று தடவை "சாப்டியாக்கா" என்று அவன்தான் கேட்டான்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமில்லை. கோர்ட்டில் மேஜைக்கு அந்தப் பக்கம் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். பழைய வரி ரசீதை நானும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் உள்ளே ஒருவர் இன்னொரு ராத்திரி படுத்திருந்தார் என்று அப்போது நினைத்துப் பார்த்ததில்லை.

அந்தப் பத்து நிமிட ரிமாண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும், போலீஸ் அடித்த காயத்தோடு ரிமாண்ட் ஆகி கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன பிறகுதான் அடுத்தடுத்து இறந்தார்கள். ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. நடுவர் ஆளை நேரில் பார்த்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, போலீஸை வெளியே நிற்கச் சொல்லிக் கேட்பதற்குத்தான் அந்த நேரமே. நான் வேலை பார்த்த ஒரு நடுவர் அப்படித்தான் செய்வார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று ஏட்டிடம் சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். உங்கள் பிள்ளைக்குக் காயம் இருந்தால், வக்கீல் வழியாக அங்கேயே மனுவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுதியது பதிவில் நிற்கும்.

இனி தம்பியின் வழக்கு எப்படி நகரும் என்று சொல்கிறேன், தைரியமாக இருக்க உதவும். குற்றப்பத்திரிகை வந்ததும் நடுவர் கோர்ட்டில் பி.ஆர்.சி. நம்பர் (செஷன்ஸுக்கு அனுப்பும் முன் போடும் பதிவு எண்) விழும். கொலை முயற்சி வழக்கை நடுவர் விசாரிக்க முடியாது என்பதால் எல்லா ஆவணத்தின் நகலையும் தம்பிக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு செஷன்ஸுக்கு கமிட் செய்வார், அதாவது வழக்கை அங்கே அனுப்பிவிடுவார். அந்த நகலை நாங்கள் '207 காப்பி' என்போம். புதிய சட்டத்தில் எண் மாறினாலும் வாயில் வருவது அதுதான். செஷன்ஸில் எஸ்.சி. நம்பர் (செஷன்ஸ் வழக்கு எண்) வரும். அதன் பிறகு ஒரு வாய்தாவைக்கூட விடாதீர்கள். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லை, வக்கீலும் மனு போடவில்லை என்றால் பிடிவாரண்ட். பாதிப் பேர் இரண்டாவது தடவை உள்ளே போவது பழைய குற்றத்துக்காக இல்லை, ஒரு வாய்தாவை மறந்ததற்காக.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

உங்கள் தம்பிக்கு ஜாமீனாவது கிடைத்தது. என் பெரியவன் மேல் குண்டாஸ், அதாவது குண்டர் தடுப்புச் சட்டம், போட்டார்கள். 1982ஆம் வருடச் சட்டம். ஒரு வருடம் வரை விசாரணையே இல்லாமல் வைக்கலாம், அதற்கு ஜாமீன் மனு கிடையாது. அந்த உத்தரவு சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன்னால் வக்கீல் வாதாட முடியாது என்றார்கள், அவன் அப்பாதான் போய் நின்றார். வாய் வரவில்லை அவருக்கு. ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டோம். அவனுக்குக் கொடுத்த நகல்களில் சில பக்கம் படிக்கவே முடியவில்லை என்று சொல்லி உத்தரவை ரத்து செய்தார்கள். அதற்குள் எட்டு மாதம். கையில் குண்டாஸ் ஆர்டர் கிடைத்தால் ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், மங்கலாக இருப்பதைக் குறித்து வையுங்கள். எனக்கு அதை முதலிலேயே யாரும் சொல்லவில்லை.

சட்டத் தன்னார்வலர்:

மாதம் இரண்டு தடவை ஒரு கிளைச் சிறைக்குப் போகிறேன், சட்டப் பணிகள் ஆணைக்குழு சார்பில். அக்கா, உங்களுக்கு ஏழு நாள் ஆனது. நான் ஒருவரைப் பார்த்தேன், ஜாமீன் ஆர்டர் வந்து 52 நாள் உள்ளேயே இருந்தார்.

ஒடிசாக்காரர், கட்டட வேலைக்கு வந்தவர். செல்போன் திருட்டு வழக்கு. தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. இரண்டு பேரும் அரைகுறை இந்தியில் பேசினோம். ஜாமீன் கிடைத்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை! ரத்த உறவு ஷூரிட்டி என்றால் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி அண்ணன் வர வேண்டும், வந்தாலும் அவர் நிலத்துப் பத்திரம் வேறு மாநிலத்தது.

எனக்கு மோத்தி ராம் வழக்குதான் ஞாபகம் வந்தது. 1978. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஏழைக் கொத்தனார், பத்தாயிரம் ரூபாய்க்கு ஷூரிட்டி கேட்டார்கள், கூடப் பிறந்தவர் முன்வந்தும் அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அது தவறு என்று தீர்ப்பெழுதி, ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில், அதாவது ஷூரிட்டி இல்லாமல் அவர் கையெழுத்திலேயே, விடச் சொன்னார். இந்த ஒடிசாக்காரரும் கட்டட வேலைதான். இவருக்கும் கூடப் பிறந்தவர்தான். இடையில் நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஒரு வாரத்தில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஷூரிட்டி கிடைக்கவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம். அதைக் காட்டி மனு போட்டோம், சொந்தப் பிணையில் விட்டார்கள். வெளியே வந்தவரிடம் ஊருக்கு டிக்கெட் எடுக்கப் பணம் இல்லை. அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது, நாங்கள் நாலு பேர் சேர்ந்து கொடுத்தோம்.

காவலில் இருக்கும் யாருக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமானம் பார்க்க மாட்டார்கள். 15100க்கு போன் செய்யுங்கள். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், தன் மேலுள்ள குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளேயே இருந்துவிட்டால் ஜாமீனில் விடுவிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 479ஆம் பிரிவு சொல்கிறது. தூக்கு, ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்குகளுக்கு அது பொருந்தாது. வேறு வழக்கும் நிலுவையில் இருந்தால் கிடைக்காது. நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் தண்டனை பெற்றவர்களே அல்ல, விசாரணைக் கைதிகள். அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒடிசாக்காரர் முகம்தான் வரும்.

தண்டனை முடித்தவன்:

நான் கன்விக்ட்டாக, தண்டனைக் கைதியாக, இருந்தவன். செய்த குற்றத்தை இங்கே எழுதப் போவதில்லை, அந்தக் குடும்பமும் இதைப் படிக்கலாம். 11 வருடம்.

ரிமாண்டில் இருக்கும்வரை நாள் எண்ணுவோம், தண்டனை வந்த பிறகு எண்ணுவதில்லை. வேலை கொடுத்தார்கள், பேக்கரியில் இருந்தேன். கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்தது. பத்தாவதை உள்ளேதான் எழுதிப் பாஸ் செய்தேன். ஆனால் நான் முதலில் இருந்த சிறையில் சாதி பார்த்து பிளாக் பிரித்தார்கள். வெளியே வந்த பிறகு 2024 அக்டோபரில், சிறைக்குள் சாதிப் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தியை டீக்கடையில் படித்தேன். பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

அம்மா இறந்தபோது அவசர விடுப்பு கேட்டேன். அனுமதி வந்தது, வழிக்காவலுக்கு ஆயுதப்படை ஆள் வர மதியம் ஆகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் எரிந்துகொண்டிருந்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மனுவைக் கொடுப்பவர் 'காவலர் வழித்துணை உடனே தேவை' என்று சேர்த்து எழுதி, கூடவே போய் நிற்க ஒருவர் இருந்தால் நல்லது. எனக்கு இல்லை.

விடுதலை அன்று என் பழைய சட்டையைக் கொடுத்தார்கள். பொத்தான் போட முடியவில்லை. வாசலில் யாரும் இல்லை.

தம்பியின் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக எழுதிய அண்ணனுக்கு: இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள், வேலை இருக்கிறதா? எங்கள் கடைக்குப் பக்கத்து பேக்கரியில் ஆள் தேடுகிறார்கள், ஓனரிடம் உங்களைப் பற்றி உண்மையைச் சொல்லியே கேட்டுவிட்டேன், வந்து பேசச் சொன்னார்.

தம்பி இரண்டு மாதம் தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டான். அதனாலேயே ஐ.டி.ஐ. வகுப்பு போய்விட்டது. பிறகு மனு போட்டு வாரம் ஒரு நாள் ஆக்கினோம். கிளார்க் ஐயா சொன்னபடி வாய்தா தேதியைக் காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் 14, செவ்வாய்க்கிழமை.