கரிசலாங்கண்ணி எண்ணெய் பச்சை போயி பழுப்பாயிடுது, ஏன்?

திருவையாறு பொண்ணு:
வாய்க்கா ஓரமா வளந்த கரிசலாங்கண்ணிய அரைச்சு தேங்காண்ணெயில காய்ச்சினேன், இறக்குறப்ப கிளிப்பச்சையா இருந்துச்சு, ஜன்னல்ல வச்சு ஒரு மாசத்துல பழுப்பாயிடுச்சு. எங்க அப்பாயி காய்ச்சினது மட்டும் எப்படி அப்படியே பச்சையா இருந்துச்சு?

மன்னார்குடி வாத்தியார்:
அந்தப் பச்சை குளோரோபில்மா. தண்ணில கரையாது, எண்ணெயில நல்லா கரையும். அதோட நடுவுல ஒரு மெக்னீசியம் இருக்கு, சூட்டுலயும் இலையோட புளிப்புலயும் அது கழண்டு அந்த இடத்துல ஹைட்ரஜன் உக்காந்துடும், அதான் பழுப்பு. கீரைல புளி ஊத்துனா நிறம் மங்குதே, அதே கதைதான். மிச்சத்த ஜன்னல் வெயில் சிதைச்சிருக்கும். அப்பாயி எதுல காய்ச்சுவாங்க?

திருவையாறு பொண்ணு:
செப்புச் சட்டி சார்! ஈயம் பூசாதது.

மன்னார்குடி வாத்தியார்:
அப்ப அதான் காரணமா இருக்கும். மெக்னீசியம் போன இடத்துல செம்பு ஏறிடுச்சுன்னா பச்சை லேசுல போகாது, இ141-னு போட்டு விக்கிற உணவு நிறமும் இப்படி செம்பு ஏத்துனதுதான். ஆனா திங்குற எதையும் ஈயம் பூசாத செப்புல காய்ச்சாதீங்க, செம்பு அதிகமா இறங்கும்.

பாபநாசம் தம்பி:
இருட்டு ரூம்ல புது எண்ணெய் மேல போன் டார்ச் அடிச்சுப் பாருங்கக்கா, பக்கவாட்டுல ரத்தச் சிவப்பா மினுங்கும், நான் முத தடவ பாத்தப்ப அசந்துட்டேன். செம்பு ஏறுனா அந்தச் சிவப்பு வராது.

திருவையாறு பொண்ணு:
இப்பதான் பாத்தேன், நெசமாவே செவப்பு! அடுத்தத பழுப்பு பாட்டில்ல ஊத்தி அலமாரிக்குள்ள வச்சிடுறேன்.