ஸ்வால்பார்ட் போட்டோப் பயணத்துக்கு முன் அம்பேவலையில் சோதித்துப் பார்த்தேன்: படம் சாம்பல், லென்ஸில் மூட்டம், பெட்டரி இறங்குது. உதவி தேவை

தலவாக்கலைத் தம்பி எழுதியது:

வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவில வேலை செய்றேன். கல்யாணம், சடங்கு, பாஸ்போர்ட் போட்டோ, இதுதான் தொழில்.

ஒஸ்லோவில இருக்கிற எங்க சின்னம்மா, வட துருவப் பக்கம் ஸ்வால்பார்டுக்குப் போற ஒரு சின்னக் கப்பல்ல ரெண்டு இடம் பதிவு செஞ்சிருக்காங்க. பயணிகள் 12 பேர்தான். கூடவே ஒரு போட்டோகிராபர் வழிகாட்டியா வந்து சொல்லித் தருவார். ரெண்டாவது இடம் சித்தப்பாவுக்கு எடுத்தது. அவர் போன வருஷம் தவறிட்டார். "அவர் ஆசைப்பட்டுக் காசு சேர்த்த பயணம், நீ வந்து எடுத்துக் குடு"ன்னு சின்னம்மா கேட்டாங்க. அதனால இதுல நான் பிழை விடக் கூடாது.

குளிர்ல கமரா எப்படி வேலை செய்யும்னு பார்க்க, போன ஞாயிறு விடிய அம்பேவலைக்குப் போனேன். புல்லு முழுக்க உறைபனி. போன்ல 3 பாகைன்னு காட்டிச்சு. மூணு பிரச்சினை வந்திச்சு.

முதலாவது, கண்ணுக்கு வெள்ளையா தெரிஞ்ச புல் படத்துல சாம்பலும் நீலமுமா இருக்கு. எல்லாம் ஓட்டோவில எடுத்தது. ரெண்டாவது, 60 வீதம் இருந்த பெட்டரி முக்கால் மணித்தியாலத்துல சிவப்புக்கு வந்திட்டு. மூணாவதுதான் பயமா இருக்கு. வீட்டுக்கு வந்த பிறகு லென்ஸ் மூடிக்கிச்சு. வெளிப்பக்கம் துடைச்சா போகுது, உள்ளுக்குள்ள ஒரு மங்கல் இன்னும் இருக்கு. சூரியனுக்கு எதிரா எடுத்த படமெல்லாம் பால் ஊத்தின மாதிரி.

கமரா கிராப் சென்சர், அதாவது படம் விழுற தகடு சின்னது. லென்ஸ் 70-300, செகண்ட் ஹேண்ட்ல கொழும்பில வாங்கினது. வித்தவர் "புதுசு மாதிரி"ன்னுதான் சொன்னார்.

அம்பேவலைக் குளிருக்கே இப்படின்னா அங்க என்ன ஆகும்? இன்னொரு விஷயம், ஜூன் 18, ஜூலை 9, ரெண்டு திகதியில ஒண்ணைத் தெரிவு செய்யலாமாம். எது நல்லது? அம்மா கரடியை நினைச்சு தூக்கமில்லாம இருக்காங்க. அதுக்கும் யாராவது பதில் சொன்னா வாசிச்சுக் காட்டுவேன்.

---

ஹட்டன் பழைய ஸ்டூடியோ:

தம்பி, மூன்றும் மூன்று வேறு நோய். எல்லாவற்றையும் குளிரின் தலையில் போட வேண்டாம்.

சாம்பல் நிறம் கமராவின் பிழை அல்ல. உள்ளே இருக்கிற ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். வெள்ளைச் சேலை கட்டிய மணப்பெண்ணை ஓட்டோவில் எடுத்தால் சேலை மங்குவது உங்களுக்குத் தெரியும். அதே கதைதான். மூடுபனிக்குள் தேயிலை மலையை எடுக்கும்போதும் இதுவே நடக்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை +1இல் தொடங்கி +1⅔ வரை ஏற்றிப் பாருங்கள். திரையை நம்பாமல், இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். மேடு வலது பக்கம் போக வேண்டும், சுவரில் முட்டக் கூடாது. நீலம் வருவது, வெயில் ஏறுமுன் திறந்த வானத்தின் வெளிச்சம் மட்டும் விழுவதால். கமரா சுருக்காத மூலப் படமான ரோ ஃபைலாக எடுத்தால் பிறகு திருத்தலாம்.

மற்ற இரண்டுக்கும் நீங்கள் சொல்ல வேண்டியது: பெட்டரிக்கு எத்தனை வயது? வீட்டுக்கு வந்ததும் கமராவை எங்கே வைத்தீர்கள்? லென்ஸைக் கழற்றி, ஒளி நுழையும் துளையான அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து ஒரு டோர்ச் அடித்துப் பாருங்கள். என்ன தெரிகிறது?

---

தலவாக்கலைத் தம்பி:

நன்றி சார். பெட்டரி கமராவோட வந்தது, அஞ்சு வருஷம். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்துல திரும்பப் போட்டா 40க்கு மேல காட்டிச்சு.

கமராவை அடுப்படியில வைச்சேன். அம்மா தண்ணி கொதிக்க வைச்சுக்கிட்டு இருந்தாங்க.

டோர்ச் அடிச்சுப் பார்த்தேன். ஓரத்துல இருந்து நடுவுக்கு, சிலந்தி நூல் மாதிரி மெல்லிசா கிளை கிளையா இருக்கு. தலைமுடி விழுந்திருக்கும்னு நினைச்சேன். அசையல.

---

ஹட்டன் பழைய ஸ்டூடியோ:

அது பூஞ்சணம். அம்பேவலையில் ஒரு காலையில் வந்ததல்ல, மாதக்கணக்காக வளர்ந்தது. வாங்கும்போதே இருந்திருக்கலாம். நம் பக்கத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் சுவரே வியர்க்கும். அந்த ஈரத்தில் இருட்டான தோல் உறைக்குள் லென்ஸைப் பூட்டி வைத்தால் அது பூஞ்சணத்துக்கு நாற்றங்கால். முப்பது வருடத்தில் நல்ல லென்ஸ்கள் ஐந்தை இப்படிப் பறிகொடுத்தவன் நான். அந்த வருத்தத்தில் சொல்கிறேன், உடனே மற்ற லென்ஸ்களிலிருந்து அதைப் பிரித்து வையுங்கள்.

எதிர்வெளிச்சத்தில் பால் ஊற்றியது போல வருவதற்கும் அதுதான் காரணம். நூல்களில் பட்டு ஒளி சிதறுகிறது. நீங்களாகத் திறக்க வேண்டாம். கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் தடம் நிற்கும், அப்படியானால் துருவத்துக்கு அதை நம்ப முடியாது. இனிமேல் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல்லை மாதம் ஒருமுறை சட்டியில் வறுத்து உலர்த்தினால் திரும்பவும் வேலை செய்யும்.

பெட்டரி விஷயம் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். குளிரில் லிதியம் பெட்டரியின் உள்தடை கூடும், வோல்டேஜ் விழும், கமரா "காலி" என்று நினைக்கும். சூடு ஏறினால் திரும்பி வரும். ஆனால் வெறும் 3 பாகையில் ஒரு நல்ல பெட்டரி இப்படி விழாது. அது கிழடு. புதிதாகக் குறைந்தது மூன்று வாங்குங்கள். ஒன்று கமராவில், மற்றவை சட்டைக்குள் நெஞ்சுப் பக்கத்துப் பையில். விமானத்தில் உதிரிப் பெட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டியில் போட விடமாட்டார்கள்.

கமராவும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும், இரண்டாவது எவ்வளவு சிறியதானாலும் பரவாயில்லை. 1915இல் தென்துருவப் பயணம் போன ஷக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் பனியில் நசுங்கியபோது, அதன் போட்டோகிராபர் பிராங்க் ஹர்லி ஏறக்குறைய 120 கண்ணாடி நெகட்டிவ்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற 400 அளவை உடைத்தெறிய வேண்டி வந்தது. பெரிய கமராக்களும் போயின. மிஞ்சியது ஒரு பொக்கட் கமராவும் மூன்று ரோல் ஃபிலிமும். பிறகு அவர்கள் கரையேறிய எலிபன்ட் தீவில் அவர் எடுத்த படங்கள் அந்த மூன்று ரோலிலிருந்து வந்தவைதான்.

போகுமுன் ஒரு நாள் போகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்துக்கும் போய் வாருங்கள். 1879இல் டிக்கோயா கிளன்கேர்ன் தோட்டத்தில் இறந்த ஜூலியா மார்கரெட் கமரோன் அங்கேதான் அடக்கம். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் எடுத்து, ஈரம் காயுமுன் கழுவிய காலத்துப் போட்டோகிராபர் அம்மா அவர். ஒவ்வொரு புதிய உதவியாளரையும் நான் அங்கே கூட்டிப்போவது வழக்கம்.

---

கப்பல் குசினி:

தம்பி, நான் பொகவான பக்கம் பிறந்தவன். பயணிகள் கப்பல்ல குசினி வேலை. ரெண்டு கோடை ஸ்வால்பார்ட் பக்கம் ஓடியிருக்கேன். எனக்கு போட்டோ தெரியாது, ஆனா கமராவோட வந்தவங்க பட்ட பாட்டைப் பார்த்திருக்கேன்.

முதல்ல குளிர். நீங்க பயப்படுற அளவு இல்ல. ஜூலையில ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லோங்யார்பியன்ல சராசரி 6, 7 பாகைதான். நம்ம ஆளுங்க ஜனவரி விடியல்ல கொழுந்துக் கூடையோட மலை ஏறுறதும் அதே குளிர்லதான். வடக்கே ஐஸ் பக்கம் போனா பூச்சியம் அளவுக்கு இறங்கும். ஆளைக் கொல்றது காத்து. ரப்பர் படகுல உக்காந்து வேகமாப் போகும்போது விரல் மரத்துப்போகும். மெல்லிசா ஒரு கையுறை, மேல தடிப்பா ஒண்ணு.

லென்ஸ் மூடுறதுக்கு வருவோம். டீ ஃபெக்டரியில வெளிய நின்னிட்டு டிரையர் பக்கம் போனா மூக்குக் கண்ணாடி என்ன ஆகும்? அதேதான். வெளிய குளிர்ந்த கமராவை அப்படியே கெபினுக்குள்ள கொண்டு வந்தா சூடான ஈரக் காத்து அதுல பட்டுத் தண்ணியாகும். வாசல்ல நின்னே, வெளிக் குளிர்லயே, கமராவை சிப்லொக் பேக்ல போட்டு இறுக்கி மூடிட்டு உள்ள வாங்க. தண்ணி பேக்குக்கு வெளிய பிடிக்கும். ஒரு மணித்தியாலம், பெரிய லென்ஸ்னா ரெண்டு, திறக்காதீங்க. படம் பார்க்க ஆசையா இருந்தா மெமரி கார்டை மட்டும் வெளியவே கழட்டி எடுத்துக்குங்க. நீங்க அடுப்படியில கொதிக்கிற தண்ணிக்குப் பக்கத்துல வைச்சது, மன்னிக்கணும், அதை விட மோசமான இடமே இல்ல.

ரப்பர் படகுல லென்ஸ் மாத்தக் கூடாது. உப்புத் தண்ணி தெறிக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில நனைச்ச துணியால துடைங்க. டிரைபொட்டை டெக்ல வைச்சா எஞ்சின் அதிர்வு எல்லாம் படத்துல வரும். கையிலயே பிடிச்சு, ஷட்டரை 1/1000க்குக் கீழ விடாம எடுத்தவங்கதான் சந்தோஷமா திரும்பினாங்க.

ராத்திரியில தூங்காதீங்க, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குங்க. ஏப்ரல் 20 அளவுல இருந்து ஓகஸ்ட் 22 அளவு வரைக்கும் அங்க சூரியன் மறையாது. நள்ளிரவுல அது கீழ இறங்கி மஞ்சளா நிக்கும், அப்பதான் வெளிச்சம் அழகு. ராத்திரி ஒரு மணிக்கு டெக்ல தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்தப்ப, ஒரு வயசான அம்மா ஐஸைப் பார்த்து அழுதுகிட்டு நின்னாங்க. அந்த வெளிச்சம் இன்னும் என் கண்ணுல இருக்கு.

கரடிக்கு: அம்மாகிட்ட சொல்லுங்க, கரையில இறங்குமுன் வழிகாட்டிகள் முதல்ல இறங்கி சுத்திப் பார்ப்பாங்க. துப்பாக்கியோட நிப்பாங்க. கரடி கண்ணுல பட்டா எல்லாரையும் படகுல ஏத்திடுவாங்க. 2025 ஜனவரி 1ல இருந்து சட்டம் இறுகிட்டு. மார்ச் 1 தொடக்கம் ஜூன் 30 வரைக்கும் 500 மீட்டர், மத்த காலத்துல 300 மீட்டர், அதுக்குக் கிட்ட போகக் கூடாது. அதுவா கிட்ட வந்தாலும் நாமதான் விலகணும்.

---

பதுளைக்காரி, இப்போது பேர்கன்:

தம்பி, யாரும் வீசாவைப் பற்றிச் சொல்லவில்லை, அதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 1920 உடன்படிக்கையின்படி ஸ்வால்பார்ட் நோர்வேயின் இறைமைக்கு உட்பட்டது, ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது வீசா வலயமான ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. அங்கே போக வீசா வேண்டாம். நீங்கள் போவதோ ஒஸ்லோ வழியாக. ஒஸ்லோவிலிருந்து லோங்யார்பியன் போகும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள், திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஒரு தடவை நுழையும் வீசா கையில் இருந்தால் திரும்பும் வழியில் நிற்க வேண்டி வரும். விண்ணப்பத்திலேயே இரண்டு தடவை நுழைவு என்று கேளுங்கள், கப்பல் பதிவுக் கடிதத்தையும் சின்னம்மாவின் அழைப்பையும் வைத்து ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி மாதம் வரை விடாதீர்கள்.

காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்கச் சொல்வார்கள். அந்தப் பத்திரத்தில் ஸ்வால்பார்டும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சித்தப்பாவின் இடத்தில் போகிறீர்கள் என்று வாசித்தபோது மனம் கனத்தது. நல்லபடியாகப் போய் வாருங்கள்.

---

ஹப்புத்தளை பறவைக்காரன்:

திகதிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பம். சென்சரில் விழும் உருவம் மில்லிமீட்டரில் எவ்வளவு என்றால், மிருகத்தின் நீளத்தை மீட்டரில் எடுத்து, லென்ஸின் மி.மீ. ஆல் பெருக்கி, தூரத்தால் பிரித்தால் வரும். கரடி 2.4 மீட்டர் என்று வையுங்கள். உங்கள் 300 லென்ஸ், 500 மீட்டர் தூரம்: 1.4 மி.மீ. உங்கள் சென்சரின் அகலம் 22 மி.மீ. அளவு. ஜூலையில் 300 மீட்டர்: 2.4 மி.மீ. வாடகைக்கு ஒரு 150-600 எடுத்தால் 4.8 மி.மீ., படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். எனவே நான் ஜூலை 9 என்பேன், 150-600 என்பேன்.

ஜூனில் கரையில் வெண்பனி அதிகம், அது ஒரு அழகு. ஆனால் ஜூலையில் குன்றுப் பாறைகளில் பறவைகள் குஞ்சோடு இருக்கும். அல்க்கெஃபியெலெட் என்ற பாறைச் சுவரில் மட்டும் 60,000 சோடி அளவில் கில்லிமொட் பறவைகள் கூடு வைக்கும். கப்பல் அந்தப் பக்கம் போகுமா என்று கேளுங்கள். பறவைச் சுவருக்கு கமராவோடு வரும் சின்னக் கிட் லென்ஸும் போதும்.

---

ஹட்டன் பழைய ஸ்டூடியோ:

கணக்கு சரி. ஆனால் கரடியைப் பெரிதாக்கத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். அகலத்தில் பத்தில் ஒரு பங்காகக் கரடி, மிச்சம் முழுக்க ஐஸ். அது எவ்வளவு பெரிய தனிமை என்று அந்தப் படம்தான் சொல்லும். சித்தப்பா போக ஆசைப்பட்டது அந்த இடத்துக்கு. இடத்தைப் படத்துக்குள் கொண்டு வாருங்கள்.

---

தலவாக்கலைத் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு விடிய மறுபடி அம்பேவலைக்குப் போனேன்.

வேற லென்ஸ் ஒண்ணை ஸ்டூடியோவில இருந்து இரவல் வாங்கினேன். +1⅓ல புல்லு வெள்ளையாவே வந்திச்சு. வெள்ளைக்குள்ள ஒவ்வொரு நுனியும் தனித்தனியா தெரியுது. புது பெட்டரி ஒண்ணு, ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகும் 80க்கு மேல. வெளியவே பேக்ல போட்டு மூடினேன், வீட்டுல ரெண்டு மணித்தியாலம் திறக்கல. பேக்குக்கு வெளிய மட்டும் தண்ணி முத்து முத்தா. கமரா காஞ்சு கிடந்திச்சு.

அம்மாவுக்கு கப்பல் குசினி அண்ணன் எழுதினதை முழுசா வாசிச்சுக் காட்டினேன். துப்பாக்கி, 300 மீட்டர் எல்லாத்தையும் ரெண்டு தடவை கேட்டாங்க. பிறகு அந்த அழுத அம்மா எந்த ஊருன்னு கேட்டாங்க.

ஜூலை 9ன்னு சின்னம்மாவுக்குச் சொல்லிட்டேன். பறவைச் சுவர் பக்கம் கப்பல் போகுமாம், ஐஸ் விட்டா. பேர்கன் அக்கா சொன்ன மாதிரி ரெண்டு தடவை நுழைவுன்னு விண்ணப்பத்துல எழுதியாச்சு. பூஞ்சணம் பிடிச்ச லென்ஸை வியாழக்கிழமை கொழும்புக்குக் கொண்டு போறேன். 150-600 ஜூலையில பத்து நாளைக்கு வாடகைக்குத் தர யாராவது இருந்தா இங்கயே எழுதுங்க. முற்பணம் கட்டத் தயார்.