முதல் பலநாள் மலை சைக்கிள் பந்தயம்: நேராக கேப் எபிக்குக்கே போகலாமா?

சக்கரம்_கோவை:
வணக்கம் நண்பர்களே. வயது 38. நான்கு வருடமாக மலை சைக்கிள் ஓட்டுகிறேன். மாதம் ஒரு முறை ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 வளைவையும் ஏறிவிடுவேன். அடுத்த வருடம் பலநாள் பந்தயம் ஒன்றில் இறங்க ஆசை. பணமும் விடுப்பும் ஒன்றுக்குத்தான் தேறும். மனசு முழுக்க தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் மேல்தான் இருக்கிறது. அது இருவர் அணியாக ஓட்டுவது. கூட வர என் அலுவலக நண்பன் தயார். அவன் ஏற்றத்தில் என்னைவிட வேகம், ஆனால் கல் இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளுவான். நான் நேர் எதிர். முதலில் ஹிமாச்சல் பிரதேசத்தில் நடக்கும் எம்டிபி ஹிமாலயா பந்தயத்துக்குப் போ என்று சிலர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

நெடுவழி:
தம்பி, எபிக்குக்கே போங்கள். 2004இல் தொடங்கிய பந்தயம். முதல் நாள் புரோலாக் என்ற குட்டி ஓட்டம், பிறகு நாளுக்கு ஒன்றாக ஏழு ஸ்டேஜ், ஆக எட்டு நாள். தூரம் 600, 700 கி.மீ. வரும், ஏற்றம் 15,000 மீட்டரை ஒட்டி. சுவிட்சர்லாந்து வீரர் கிறிஸ்டோஃப் சௌசரும் ஜெர்மனி வீரர் கார்ல் பிளாட்டும் ஆளுக்கு ஐந்து முறை வென்ற பந்தயம் அது. அப்பேர்ப்பட்டவர்கள் காலையில் தூசி கிளப்பிவிட்டுப் போன அதே பாதையில் அதே நாள் நாமும் ஓட்டுகிறோம். வேறு எந்த விளையாட்டில் ஒரு சாதாரண ஆளுக்கு இது கிடைக்கும்? நான் ஓட்டி முடித்து வருடங்கள் ஆகியும், பந்தயம் நடக்கும் மார்ச் மாதம் வந்தால் நாங்கள் தங்கிய கூடாரங்களின் வரிசை கண்ணுக்குள் நிற்கிறது. ஆசை இருக்கும்போதே போய்விட வேண்டும். "முதலில் சின்னது, அப்புறம் பெரியது" என்று தள்ளிப் போட்ட எத்தனையோ பேர் கடைசிவரை போகவே இல்லை.

கொல்லிமலை_70:
நெடுவழி அண்ணா, தம்பி எழுதியதில் முக்கியமான வரியை விட்டுவிட்டீர்கள். ஒருவர் ஏற்றத்தில் வேகம், இன்னொருவர் இறக்கத்தில் வேகம். எபிக்கில் அணியின் இருவருக்கும் நடுவே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது, விழுந்தால் நேரத் தண்டனை. அப்படியானால் ஏற்றத்தில் இவர் வேகம்தான் அணியின் வேகம், இறக்கத்தில் அவர் வேகம்தான் அணியின் வேகம். இருவருமே தங்கள் பலத்தைப் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு நாளும் முடிக்க வேண்டிய நேரக் கெடு வேறு இருக்கிறது. ஒருவர் விலகினால் மற்றவர் தொடர்ந்து ஓட்டலாம், ஆனால் அணி முடித்ததாகக் கணக்கில் வராது. கடைசிநாள் கோட்டைத் தாண்டியும் அந்தக் குறை போகாது.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு மூன்று நாள் பந்தயத்துக்கு நண்பனோடு போயிருந்தேன். இரண்டாம் நாள் கல்லில் இடித்து அவன் சைக்கிளின் டெரெயிலர் ஹேங்கர், அதாவது பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டு, உடைந்தது. என் பையில் ஸ்பேர் ஹேங்கர் இருந்தது, ஆனால் அது என் ஃபிரேமுக்கு உரியது, அவன் ஃபிரேமில் துளையே பொருந்தவில்லை. சங்கிலியைக் கழற்றிச் சுருக்கி, ஒரே கியராகப் பூட்டிக்கொண்டு மீதி 30 கி.மீ. போனோம். ஏற்றத்திலெல்லாம் அவன் தள்ளினான், நான் பக்கத்தில் நடந்தேன். அன்று இரவு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என் மேல் இல்லை, தன் மேல். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. இதெல்லாம் மூன்றே நாளில். எட்டு நாளுக்கு யோசித்துப் பாருங்கள்.

டர்பன்வாசி:
நான் வேலை நிமித்தம் டர்பனில் இருக்கிறேன். எபிக், ஹிமாச்சல் இரண்டையும் விட்டுவிட்டு இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே நடக்கும் சானி-டு-சி பந்தயத்தைப் பாருங்கள் என்பேன். மே மாதம், மூன்று நாள், ஏறத்தாழ 260 கி.மீ. டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் தொடங்கி இந்தியப் பெருங்கடல் ஓரத்து ஸ்காட்பர்கில் முடியும். இதுவும் இருவர் அணிதான். 2005இல் கிளென் ஹா என்ற விவசாயி தொடங்கியது. வழிநெடுக அந்தந்த ஊர்ப் பள்ளிகளும் ஊர்க்காரர்களும்தான் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். நம் ஊர்த் திருவிழாப் பந்தலுக்குக் குறைவில்லாத உபசரிப்பு.

இரண்டாம் நாள் உம்கோமாஸ் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதை இருக்கிறதே, அதற்காகவே போகலாம். இறங்கியதற்கு வட்டியோடு மறுபக்கம் ஏற வேண்டும் என்பது வேறு விஷயம். கடற்கரை நெருங்கும்போது இருபுறமும் கரும்புக் காடு. 1860இலிருந்து சென்னையிலிருந்து கப்பலேறிய நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வெட்டிய கரும்பு இந்தக் கரையோரத்தில்தான். அந்தச் சோலைகளுக்கு நடுவே சைக்கிளில் போகும்போது எனக்குப் பந்தயமே மறந்துபோனது.

நெடுவழி:
டர்பன்வாசி, சானியை நானும் மதிக்கிறேன். ஆனால் மூன்று நாள் என்பது வேறு, எட்டு நாள் என்பது வேறு. மூன்று நாளை வைராக்கியத்தில் ஓட்டிவிடலாம். நான்காம் நாள் காலையில் சீட்டில் உட்காரவே முடியாமல், வாய் புண்ணாகி, சோற்றைப் பார்த்தாலே குமட்டும்போது பெடல் மிதிப்பதுதான் பலநாள் பந்தயம். அதைச் சின்னப் பந்தயத்தில் கற்றுக்கொள்ள முடியாது. தம்பிக்கு ஒரே வாய்ப்பு என்கிறார். அதை ஒத்திகைக்குச் செலவழிக்கச் சொல்கிறீர்களா?

சாரல்:
ஹிமாச்சலில் ஓட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன். அந்தப் பந்தயமும் 2005இல் தொடங்கியதுதான், சிம்லாவை மையமாக வைத்து. பாதையும் நாட்களும் வருடத்துக்கு வருடம் மாறும். பெரிய வித்தியாசம், தனியாக ஓட்டலாம். இரண்டு நிமிடக் கணக்கு கிடையாது, யாருக்காகவும் நிற்க வேண்டாம்.

ஆனால் அதை "சின்னது" என்ற கணக்கில் சேர்க்காதீர்கள் அண்ணா. சட்லஜ் கரையில் வெயில் கொளுத்தும், அங்கே உயரம் ஆயிரம் மீட்டருக்கும் குறைவு. அங்கிருந்து ஜலோரி கணவாய்க்கு ஏறினால் 3,120 மீட்டர். உச்சியை நெருங்கும்போது கால் கேட்கும், மூச்சு கேட்காது. மேலே போனதும் வியர்த்த ஜெர்சி ஐஸ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பையில் ஜாக்கெட் எடுத்து வைத்திருந்தும், பையின் ஜிப்பைத் திறக்க விரல் மடங்காமல் ஒரு கடைக்காரர் திறந்து கொடுத்தார். பாதையில் ஜீப் தடமும் உடைந்த ரோடும்தான் அதிகம், கேப் எபிக்கில் இருப்பதுபோல் சைக்கிளுக்கென்றே செதுக்கிய சிங்கிள் டிராக்கை, அதாவது ஒரு சைக்கிள் மட்டும் போகும் ஒற்றையடிப் பாதையை, எதிர்பார்க்காதீர்கள். அதே சமயம் விசா இல்லை, சைக்கிளை விமானப் பெட்டியில் போட்டு கண்டம் விட்டுக் கண்டம் போக வேண்டாம். எபிக்குக்குக் கட்டும் பதிவுத் தொகையில் ஹிமாச்சல் போய் வந்து, சைக்கிளின் முன்சக்கரத்துக்கு நல்ல சஸ்பென்ஷன் ஃபோர்க்கும் வாங்கலாம்.

கொல்லிமலை_70:
சாரல் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். தம்பியின் கேள்வியே தப்பு என்று எனக்குப் படுகிறது. எந்தப் பந்தயம் என்று கேட்கிறார். யாரோடு, அல்லது தனியாகவா என்றல்லவா முதலில் முடிவு செய்ய வேண்டும்? சௌசரும் தென்னாப்பிரிக்க வீரர் பரி ஸ்டாண்டரும் 2011, 2012 இரண்டு வருடமும் சேர்ந்து எபிக்கை வென்றார்கள். 2013 ஜனவரியில் பயிற்சியின்போது வேன் மோதி ஸ்டாண்டர் இறந்துபோனார். அந்த மார்ச்சில் சௌசர் வேறு துணையோடு ஓட்டி வென்றார். துணைதான் பந்தயம் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு எதைக் காட்டுவது?

நெடுவழி:
அந்த உதாரணம் என் பக்கமும் பேசும். துணை மாறினாலும் சௌசர் வென்றார் அல்லவா? இவர்கள் இருவரும் ஒரு வருடம் சேர்ந்து பயிற்சி செய்தால் வித்தியாசம் குறையும். இறக்கத்தைக் கற்றுக்கொடுக்கலாம். சீட்டைத் தாழ்த்தி, குதிகாலை இறக்கி, முன்சக்கரத்தைப் பார்க்காமல் பத்தடி தள்ளிப் பார்க்கப் பழக்கினால் ஆறு மாதத்தில் ஆளே மாறிவிடுவார். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஹேங்கர் விஷயம் எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. ஒரே மாடல் ஃபிரேமாக இருவரும் எடுத்துக்கொண்டால் ஸ்பேர் பாதியாகும். டியூப் இல்லாத டயரில் விழும் ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவமும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், நெருஞ்சி முள் அங்கேயும் உண்டு.

சக்கரம்_கோவை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இந்த இழையை நண்பனிடம் காட்டினேன். கொல்லிமலை அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "இறக்கத்தில் நீ எனக்காக நிற்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் இன்னும் பயம் வருகிறது" என்றான். நான்கு வருடத்தில் இதை அவன் சொன்னதே இல்லை.

எபிக் ஆசை போகவில்லை. ஆனால் பதிவுக்கு முன், மூன்று மாதம், வாரக் கடைசி இரண்டு நாளும் ஒன்றாக ஓட்டுவது என்று பேசியிருக்கிறோம். இரண்டு நிமிட விதியோடு, கடிகாரம் வைத்து. முதல் வாரம் கொல்லிமலை. அதற்கு மேல் ஒத்துவரவில்லை என்றால் ஆளுக்கொரு எண்ணோடு தனித்தனியாக ஹிமாச்சல்.

கொல்லிமலை_70:
காரவள்ளி அடிவாரத்தில் காலை ஐந்தரைக்கு நில்லுங்கள், நானும் வருகிறேன். வெயில் ஏறுவதற்குள் 70 வளைவும் முடித்துவிடலாம். இறங்கும்போது நண்பரை முன்னால் விடுங்கள், நீங்கள் பின்னால் வாருங்கள்.