ஃபாராபி சொல்ற ‘உம்மா’

நஸ்ரின்: சாச்சா, பத்தாம் நூற்றாண்டு தத்துவஞானி ஃபாராபி அரபில எழுதின ‘அல்மதீனா அல்ஃபாளிலா’ (நல்ல நகரம்) நூல்லேர்ந்து ஒரு பகுதியைத் தமிழாக்கிட்டேன். ‘உம்மா’ங்கிற அரபுச் சொல் வர்ற இடமெல்லாம் ‘முஸ்லிம் சமுதாயம்’னு போட்டிருக்கேன். சரிதானே?

சாச்சா: மாத்தணும்மா. ஃபாராபிகிட்ட உம்மான்னா ஒரு மக்களினம். ஒரு இனத்தை இன்னொண்ணுலேர்ந்து பிரிக்கிறதுக்கு மூணு அடையாளம் சொல்றார்: பிறவியமைப்பு, சுபாவம், மொழி. மார்க்கம் அதுல கிடையாது.

லாத்தா: நீ போட்டபடி விட்டா அளவுக் கணக்கே உதைக்கும் புள்ள. முழுமையான கூட்டுவாழ்வு மூணு. பெருசு, மஃமூரா, அதாவது மனுசர் குடியிருக்கிற பூமி முழுக்க. நடு, ஒரு உம்மா. சின்னது, ஒரு மதீனா, அதாவது நகரம். நடுவுல ‘முஸ்லிம்’னு வச்சா மேல இருக்கிற பெருசு எதோட தொகுப்பு?

நஸ்ரின்: புரியுது லாத்தா. கிராமம், மஹல்லா (பேட்டை), தெரு, வீடு நாலையும் ஏன் குறையுள்ளதுன்னு ஒதுக்குறார்?

லாத்தா: தன்னிறைவு இல்ல. வீடு தெருவோட துண்டு, தெரு மஹல்லாவோட துண்டு, மஹல்லா நகரத்தோட துண்டு. கிராமம் மட்டும் துண்டு இல்ல, நகரத்துக்கு ஊழியம் செய்யறது. அந்த வித்தியாசத்தை உன் வாக்கியத்துல விட்டிருக்கே, சேர்த்துடு.

நஸ்ரின்: தலைப்பு ‘உலகம் ஒரே அரசு’?

சாச்சா: வேணாம். எல்லா இனமும் பேற்றை, அதாவது மெய்யான இன்பநிலையை அடைய ஒத்துழைச்சா பூமியே நல்லதாகும்கிறார். ஆனா ஆட்சியை விரிவா எழுதினது நகரத்துக்குத்தான். அதைவிட முக்கியம், வேற வேற மார்க்கத்துல இருக்கிற நல்ல இனங்களும் ஒரே பேற்றை நாடலாம்கிறது. உண்மை ஒண்ணு, அதைக் காட்டுற உவமை அந்தந்த மக்களுக்குப் பழகினதா இருக்கணும், அதான் காரணம். 950ல இறந்தவர் எழுதினது! இந்தப் பத்தியை ஒரு சொல்கூடக் குறைக்காதே.

மாமா: அவரோட இன்னொரு நூல் ‘அஸ்ஸியாஸா அல்மதனிய்யா’வுல வர்ற ஜமாஇய்யா நகரத்தையும், அதாவது அவனவன் இஷ்டப்படி வாழற ஊரையும் அடிக்குறிப்புல சேரு. எல்லா இனமும் வந்து குடியேறுற ஊர், பல நிறத்துல உருவம் போட்ட துணி மாதிரின்னு சொல்றார். ஞானிகள், கவிஞர்கள் அங்க உருவாகலாம். தீமையும் மத்த ஊரைவிடக் கூடுதல்.

நஸ்ரின்: அதை அறியாமை நகரங்கள்ல, அதாவது மெய்யான பேறு எதுன்னு தெரியாத ஊர்கள்ல சேர்க்கிறாரே மாமா?

மாமா: ஆமா, அதை மழுப்பாம எழுது. அவனவன் இஷ்டமே அங்க குறி, பேறு இல்லைங்கிறதால. ஆனாலும் அந்த வகையில இதைத்தான் வியந்து பேசறார்.

சாச்சா: ஃபாராபி யூஹன்னா இப்னு ஹைலான்கிட்டப் பாடம் கேட்டவர். ஃபாராபிகிட்டப் படிச்சவர் யஹ்யா இப்னு அதீ. அந்த ஆசிரியர், மாணவர் ரெண்டு பேரும் கிறிஸ்தவங்க. முன்னுரைல வரட்டும்.

நஸ்ரின்: சரி சாச்சா. ‘இனம்’னு மட்டும் போட்டா சாதின்னு படிச்சிட மாட்டாங்களா?

சாச்சா: ‘மக்களினம்’னு போடு. முதல் இடத்துல மட்டும் அடைப்புக்குறில உம்மா.